உடைப்பில் உட்கார்ந்தவன்

என் தம்பி கேஹர் சிங் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. நாய் குரைத்தால் பயம், குரைக்காமல் பார்த்தால் அதைவிடப் பயம். தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்கும்போது, வைக்கோல் போட்டு வைக்கிற மண்குதிருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான். அவன் பெண்டாட்டி நிஹால் கௌர் வந்த புதிதில் ஒரு தீபாவளியன்று, "அண்ணி, இவர் எங்க போனாரு?" என்று என்னிடம் வந்து நின்றாள். "குதிருக்குள்ள இருப்பான். ரொட்டியையும் கீரையையும் அங்கேயே குடுத்துட்டு வா" என்றேன்.

இப்போது அவனைப் பற்றி ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். போன வருஷம் பள்ளிக்கூட விழாவில் தடித்த ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அச்சம் என்றால் என்னவென்றே அறியாதவன் கேஹர் சிங் என்று முழங்கினார். எனக்கு வந்த எரிச்சலில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அவனை வளர்த்தவள் நான். அறியாதவனாம், அறியாதவன். அவனுக்குத் தெரிந்த ஒரே சங்கதி அதுதான்.

நாற்பத்தேழு பிரிவினையில் கசூர் பக்கத்திலிருந்து நாங்கள் இந்தப் பக்கம் வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. மூன்று பகல் கரும்புக்குள் கிடந்தோம். வெளியே ஆட்கள் தேடிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம், வாய்விட்டுக் கத்திவிடுவோமோ என்று அவன் தன் முன்கையைத் தானே கடித்துக்கொண்டான். நாங்கள் கேம்கரணுக்கு இந்தப் பக்கம், சக் மேகா என்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. கை ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.

அப்படிப்பட்டவனுக்குக் கால்வாய்க் காவல் வேலை கிடைத்தது எங்கள் ஊருக்கு அடித்த யோகம். பேல்தார் என்பார்கள். கரையில் நடந்து எலிப்பொந்து அடைக்க வேண்டும், மதகுச் சாவியை வைத்திருக்க வேண்டும், முறை தவறி எவன் கரையை வெட்டினாலும் பிடித்துக் கொடுக்க வேண்டும். இவனா பிடிப்பான்? எவனாவது கரையை வெட்டுவதைத் தூரத்தில் பார்த்தாலே திரும்பி வேறு பக்கம் நடப்பான். பிறகு ஆள் போனதும் வந்து, தானே மண்ணைப் போட்டு அடைத்துவிட்டு வீட்டுக்கு வருவான்.

கரை வெட்டுவதில் பெரிய கை வரியாம் சிங். கால்வாய் வளைவுக்குக் கீழே பன்னிரண்டு ஏக்கர் பருத்தி அவருடையது. ஐம்பது வயது, மண்வெட்டியை வாள் மாதிரி தோளில் சாத்திக்கொண்டுதான் நடப்பார். தண்ணீர் முறைக்காகச் சொந்தப் பங்காளியின் மண்டையையே பிளந்தவர். கரையை வெட்டிவிட்டு, மறுநாள் பஞ்சாயத்தில் எங்கள் வேதமான குரு சாகிப் மேல் கை வைத்து, "நான் வெட்டவே இல்லை" என்பார். ஒருவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஊரில் கொடுக்கல் வாங்கலுக்கு, பெண் விஷயத்துக்கு, கொலைக்குப் பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பமே அழியும் என்று நடுங்குவார்கள். தண்ணீருக்குச் செய்தால் அது கணக்கில் வராது. தண்ணீர்ச் சத்தியம் என்று அதற்குப் பெயரே உண்டு. இந்தப் பழக்கத்தைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

அறுபத்தைந்து செப்டம்பரில் சண்டை வந்தது. முதலில் மேற்கே உறுமல், பிறகு சுவர் நடுக்கம், பிறகு அலமாரியிலிருந்து பித்தளை டம்ளர்கள் தானாகவே நகர்ந்து கீழே விழுந்தன. கேம்கரண் எதிரி கைக்குப் போய்விட்டது என்றார்கள். நம்முடைய படை பின்வாங்கி, எங்கள் ஊருக்குப் பின்னால் கரும்பு வயல்களுக்குள் டாங்கிகளை மறைத்து நிற்கிறது என்றார்கள். ஒன்பதாம் தேதி விடியற்காலையில் ஊர் மொத்தமும் வண்டி கட்டியது. நிஹால் கௌரையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றிவிட்டோம். கேஹர் ஏறவில்லை. ஏனென்றால் நான் ஏறவில்லை.

என் எருமைக்கு நாள் நெருங்கியிருந்தது. கணவன் காசநோயில் போன பிறகு அந்த எருமைதான் எனக்குச் சோறு. அதை நடக்கவைத்தால் வழியிலேயே செத்துவிடும், விட்டுவிட்டும் போக மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். எருமைக்காக நான் நின்றேன், எனக்காக அவன் நின்றான். "அக்கா, போயிரலாம். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் சுற்றினான். அவன் பற்கள் ஒன்றோடொன்று தட்டுவது எனக்குக் கேட்டது. "நீ வேணா போடா, உன்னைக் கட்டி வச்சிருக்கேனா?" என்றேன். போக மாட்டான் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் ஒரு ஜீப் வந்தது. இளம் அதிகாரி ஒருவரும் நான்கு சிப்பாய்களும் இறங்கினார்கள். முகமெல்லாம் புழுதி, தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"அம்மா, மதகுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என் தம்பிகிட்ட."

"அவர் எங்க?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். எல்லாரோடும் போய்விட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூட்டை உடைத்துக்கொண்டு அவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் குதிர் இருந்த பக்கம் காட்டினேன். கையால் கூட இல்லை, மோவாயால் காட்டினேன்.

ஒரு சிப்பாய் மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வைக்கோல் ஒட்டிய தலைப்பாகை மெதுவாக எழுந்தது. சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவனைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார்.

"நாளைக்குக் காலையில அவங்க டாங்கி இந்தப் பருத்தி வயல் வழியாத்தான் வரும். இது ஒண்ணுதான் காய்ஞ்ச தரை. இதைத் தாண்டிட்டா நேரா பட்டி டவுனுக்குப் போற ரோடு. ரோட்டுல இப்ப யாரு இருக்கா தெரியுமில்ல?"

"தெரியும் சாப்" என்றான் கேஹர். ரோட்டில் எங்கள் ஊர் வண்டிகள் நகராமல் நிற்கின்றன என்று காலையிலேயே கேள்விப்பட்டிருந்தோம்.

"மதகை முழுசாத் திறக்கணும், வளைவுல கரையை வெட்டணும். காலையில வயலு முழங்கால் சேறா இருக்கணும். நீங்கதான் வழி காட்டணும்."

சாயங்காலம் வெட்டினார்கள். அவன் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். ரொட்டியைத் தொடவில்லை. "கரையை வெட்டிட்டோம் அக்கா" என்றான். "பதினோரு வருஷம் அடைச்ச கரை. மேலதிகாரி கேட்டா என்ன சொல்லுவேன்? வேலை போயிரும்." மேற்கே வானம் சிவந்து சிவந்து அணைகிறது, இவன் வேலையைப் பற்றி அழுகிறான். சிப்பாய்களைக் காவலுக்கு வைத்தார்களா என்று கேட்டேன். இல்லை, இன்னும் இரண்டு இடத்தில் வெட்டவேண்டும் என்று அவர்களும் போய்விட்டார்கள், எங்களையும் உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்றான். அப்போதே கிளம்பியிருக்கலாம். பொழுது சாய்வதற்கு முன்பே எருமை கன்று போட்டுவிட்டது. கன்றுக்குட்டி நிற்கட்டும், காலையில் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

விடியும் நேரத்தில் அவன் என்னைத் தொட்டு எழுப்பினான்.

"அக்கா, தண்ணி சத்தம் நின்னுபோச்சு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கும். கரையில் பதினோரு வருஷம் நடந்தவன், தூக்கத்திலும் ஒரு காது தண்ணீரில்தான் இருக்கும். "யாரோ அடைச்சுட்டாங்க" என்றான். அவன் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவன் இப்போது குதிருக்குள் போவான் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்து நடந்தான். கால் பின்னிக்கொண்டு நிலைப்படியில் இடித்துக்கொண்டு போனான். பிள்ளைகள் பேரைச் சொல்லிக்கொண்டே போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வளைவில் வரியாம் சிங் நின்றுகொண்டிருந்தார். ஊர் போனபோது இவர் போகவே இல்லை. பருத்தி வயலின் கடைக்கோடியில், கிணற்றுக் கொட்டகையிலேயே படுத்திருக்கிறார். சிப்பாய்கள் வந்ததும் தெரியாது, சொன்னதும் தெரியாது. விடியற்காலையில் காலுக்கடியில் ஈரம் தட்டியதும், மேல் ஊர்க்காரன் எவனோ சண்டையைச் சாக்கு வைத்து முறை தவறித் தண்ணீரைத் திருப்பிவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார். தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது தண்ணீர்த் திருடனைத் தேடுகிற மனுஷன் எங்கள் பக்கத்தில்தான் பிறப்பான். உடைப்பில் பருத்திக்குச்சிக் கட்டைப் போட்டு, அதன்மேல் மண்ணைக் கொத்திக் கொத்தி அடைத்திருந்தார்.

"யாருடா வெட்டினது?" என்றார் எங்களைக் கண்டதும்.

"நான்தான் சித்தப்பா."

"நீயா? எலிப்பொந்தை அடைக்கவே துணைக்கு ஆள் தேடறவன், நீ கரையை வெட்டினியா? எந்த ஊர்க்காரன் வெட்டினான், அதைச் சொல்லு."

"பட்டாளத்துல சொன்னாங்க சித்தப்பா. டாங்கி வருது. சேறா இருந்தா மாட்டிக்குமாம்."

"என்கிட்ட எவனும் சொல்லலையே. பருத்தி யாரோடது? காய் வெடிச்சு நிக்குது, பத்து நாள்ல பறிக்கணும். என் முறை என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னைக்கு?"

"வெள்ளி."

"அப்புறம் என்னடா பேச்சு?"

நான் குறுக்கே போனேன். "சித்தப்பா, உங்க வீட்டு ஜனமும் அந்த ரோட்டுலதான் இருக்கு. புத்தி இருக்கா உங்களுக்கு?"

"அதனாலதான் சொல்றேன் சந்தோ. அதுங்க திரும்பி வந்தா எதைத் திங்கும்? இந்தப் பருத்தியைத்தானே? டாங்கி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். பசி போகுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வெட்டு மண்ணை எடுத்தார்.

அப்போது கேஹர் ஒரு காரியம் செய்தான். உடைப்புக்குள் இறங்கினான். குச்சிக் கட்டை இரண்டு கையாலும் இழுத்து வயல் பக்கம் எறிந்தான். தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. அது அவனைத் தள்ளப் பார்த்தபோது, கரையோரச் சீசம் மரத்தின் வேர் ஒன்றுக்குள் கையைக் கோத்துக்கொண்டு, உடைப்பின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மார்புவரை தண்ணீர்.

"மண்ணைப் போடறதுன்னா என் தலைமேல போடுங்க சித்தப்பா" என்றான். குரல் எழும்பவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வரியாம் சிங் போட்டார். ஒரு வெட்டு தோளில் விழுந்தது, இன்னொன்று தலைப்பாகையில். "எழுந்திருடா அகதிப் பயலே" என்றார். மூன்றாவதைப் போட ஓங்கி, போடாமல் நின்றார். கேஹரின் உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் அவனைச் சுற்றித் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டம் எழும்பிக்கொண்டிருந்தது. இந்த மனிதரைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி வயலில் நடந்தவன் என் தம்பி. வரியாம் சிங் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். "உட்காரு. எத்தனை நேரம் உட்காருவேன்னு நானும் பாக்கறேன். நீ எந்திரிச்ச மறுநிமிஷம் அடைச்சுருவேன்" என்றார்.

வெயில் ஏறியது. தண்ணீர் மறுபடியும் பருத்தி வரிசைகளுக்குள் நுழைந்து பளபளத்துக்கொண்டு தூரம் தூரமாகப் போயிற்று. தலைக்கு மேல் குண்டுகள் போகும் சத்தம், நீளமான துணியைக் கிழிப்பது போல. ஒவ்வொன்றுக்கும் நான் தலையைக் குனிந்தேன். அவன் குனியக்கூட இடமில்லை. நான் பக்கத்தில் குந்தி அவன் முதுகில் கை வைத்துக்கொண்டேன். சிறு வயதில் ஜுரம் வந்தபோது அப்படி வைப்பேன். "அக்கா, ரொம்பப் பயமா இருக்கு" என்றான். "எனக்கும்தான்டா" என்றேன். அவனிடம் நான் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பிறகு தரை நடுங்கியது. பருத்திக்கு அப்பால் புழுதி எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, ஐந்து, அதற்கு மேல் நான் எண்ணவில்லை. வீட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தன. வரியாம் சிங் மண்வெட்டியைக் கீழே போட்டார். அவர் எதையாவது கண்டு பின்வாங்கி நான் பார்த்ததே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு மறுபுறம், கால்வாய்ச் சரிவில் தண்ணீருக்குள் இறங்கினார். கரை எங்களை மறைத்தது. உடைப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு மறைவு எதுவும் இல்லை. அவனுக்கு நேரெதிரே திறந்த வயல்.

"கேஹர், இந்தப் பக்கம் வாடா" என்று கத்தினேன்.

"நான் எந்திரிச்சா அவர் அடைச்சுருவாரு."

"அடைக்க மாட்டேன்டா" என்றார் வரியாம் சிங். "என் கண்ணால பாத்துட்டேன். போகட்டும் பருத்தி. வாடா இந்தப் பக்கம்."

கேஹர் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"குரு சாகிப் மேல சத்தியம்டா. அடைக்க மாட்டேன்."

"போன வருஷமும் குரு சாகிப் மேலதான் சத்தியம் பண்ணீங்க சித்தப்பா."

"அடேய், அது தண்ணிச் சத்தியம்."

"இதுவும் தண்ணிதானே" என்றான் கேஹர். குறும்பாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அவரை நம்பவில்லை, அவ்வளவுதான். வரியாம் சிங் தன் மகன்கள் பேரில் சத்தியம் செய்தார். தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்திச் சத்தியம் செய்தார். பெரிய மனிதர் வெறும் தலையோடு தண்ணீரில் நின்று கெஞ்சினார். அந்த மனிதர் ஆயுளில் தண்ணீருக்காகச் செய்த ஒரே உண்மையான சத்தியம் அது. கேஹர் வேரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

முதல் டாங்கி பருத்திக்குள் நுழைந்து முப்பது கஜம் வந்தது. பிறகு அதன் சக்கரப் பட்டை சுழன்றது, வண்டி நகரவில்லை. சேறு வாரி இறைத்தது. ஓரமாகத் திரும்பப் பார்த்து இன்னும் ஆழமாக இறங்கியது. பின்னால் வந்ததும் மாட்டியது. அதற்குப் பின்னால் வந்தது பின்னோக்கிப் போகப் பார்த்தது. அப்போது எங்கள் முதுகுப் பக்கத்துக் கரும்புக்குள்ளிருந்து நம்முடைய பீரங்கிகள் பேச ஆரம்பித்தன. அதன் பிறகு எது முதலில் எது பின்னால் என்று எனக்குத் தெரியாது. நான் முகத்தைக் கரையின் சேற்றில் புதைத்துக்கொண்டேன். மாட்டிய டாங்கியிலிருந்து எந்திரத் துப்பாக்கி வயலை வலமும் இடமுமாகப் பொழிந்தது. கரை மேலிருந்து மண் என் கழுத்தில் விழுந்துகொண்டே இருந்தது. ஆணும் பெண்ணுமாக இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதோம்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அடங்கியது. பருத்தி வயலில் மூன்று டாங்கி எரிந்துகொண்டிருந்தது. மற்றவை மூக்குக் குத்திச் சேற்றில் நின்றன. ஒன்றுகூட ரோட்டுப் பக்கம் போகவில்லை. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேஹர் அதே இடத்தில், அதே மாதிரி, கையை வேரில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

எனக்கு உயிர் திரும்பி வந்ததும் கோபமும் கூடவே வந்தது. "எந்திரிடா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கான் பாரு. கன்னுக்குட்டி பாலுக்குக் கத்தும், நான் இங்க உன் பின்னாடி தண்ணியில நிக்கறேன். இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளி இருப்பானா? காது கேக்குதா இல்லையா? எந்திரி" என்று திட்டினேன். வெகுநேரம் திட்டினேன். என் நடுக்கம் தீரும்வரை திட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

வரியாம் சிங்தான் எழுந்து அவன் தோளைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அவன் விலாவில் குண்டு பட்டிருந்தது. தண்ணீர் எங்கள் பக்கமிருந்து வயல் பக்கம் ஓடியதால் ரத்தம் முழுக்க அந்தப் பக்கமே போய்விட்டது. எங்களுக்கு ஒரு துளியும் தெரியவில்லை. வேரிலிருந்து அவன் கையை எடுக்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. பிறகு சிப்பாய்கள் வந்து வேரை வெட்டினார்கள்.

சண்டை நின்று ஊர் திரும்பியது. வண்டியில் போன அத்தனை பேரும் திரும்பினார்கள். வரியாம் சிங் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நான் உண்மையாத்தான் சத்தியம் பண்ணேன்" என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். என் வாசலுக்கும் வந்தார். நான் நம்பினேன். நான் பக்கத்தில் இருந்தேன் அல்லவா. ஆனாலும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

நிஹால் கௌர் அழுது முடிக்க நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் பிள்ளைகள் தூங்கும்போது என்னிடம் வந்து உட்கார்ந்தாள். சிப்பாய்கள் அவளிடம் வந்து வீரன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், அதிகாரி சல்யூட் அடித்துவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணி, எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க" என்றாள். "அவர் ரொம்பப் பயந்தாரா?"

"ரொம்பப் பயந்தான்" என்றேன். "கடைசிவரைக்கும் நடுங்கிட்டேதான் இருந்தான். எந்திரிக்கத்தான் இல்ல."